செருப்புக்குக் காவல்

பி.காம். முடித்த கையோடு பி.பி.எட். படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் சண்டைக்கு வரவில்லை. மாமா மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வருசம் காலேசுல படிச்சிட்டு, மறுபடி விளையாடவா மாப்ள போற?" என்று கேட்டார். அம்மா எனக்காகப் பேசினாள்: "போகட்டும்ண்ணே, படிச்சா சர்க்கார் வேலை கெடைக்கும்ல."

இரண்டு பேருக்கும் விஷயம் பாதிதான் தெரியும். பி.பி.எட். என்பது ஒரு பட்டம் முடித்தபின் படிக்கிற இரண்டு வருடப் படிப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல் எல்லாம் உண்டு, பரீட்சை உண்டு. ஆக, விளையாடப் போகவில்லை. வேலை கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அதற்குப் பிறகு அந்தத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடுகிற செய்தியைப் படித்துக்கொண்டேதான் நான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன்.

சேர்க்கைக்கு வரச்சொன்ன நாள் காலையில் மைதானத்தில் ஓடவிட்டார்கள், குண்டு எறியச் சொன்னார்கள், வாலிபாலில் சர்வீஸ் போடச் சொன்னார்கள். சான்றிதழ்க் கட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியாக மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "எதுக்குப்பா உடற்கல்வி ஆசிரியர் ஆகணும்னு நினைக்கிற?"

"சின்ன வயசுல இருந்தே வாலிபால்னா உயிர் சார்."

அவர் தலையாட்டினார். அன்றைக்கு வந்திருந்த எல்லாருமே ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது காரணமும் இல்லை. காரணத்தை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்க முடியாது.

*

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு பந்து. இது குறையாகத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அந்தப் பந்து எப்போதும் எங்கள் பன்னிரண்டு பேர் கையில்தான் இருந்தது. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சிலர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினார்கள். சிலர் மைதானத்தில் கல் பொறுக்கினார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள், இல்லையென்றால் வகுப்பிலேயே வீட்டுப்பாடம் எழுதினார்கள். ஒருவன் மட்டும் செருப்புகளுக்குக் காவல் இருந்தான்.

அவன் கொஞ்சம் குண்டு. ஓடினால் மூச்சு வாங்கும். அணி பிரிக்கும்போது கடைசிவரை நிற்பான். ஒருநாள் பி.டி. சார், "நீ என்னத்துக்குடா நிக்கிற? போய்ச் செருப்பைப் பாத்துக்க" என்றார். அதற்கு முன்பு இரண்டு மூன்று செருப்புகள் காணாமல் போயிருந்தன. அன்றிலிருந்து அது அவன் வேலை ஆயிற்று. ஆறாவதிலிருந்து பத்தாவதுவரை ஐந்து வருடம்.

நான் அணியின் தலைவன். சார் டீ குடிக்கப் போகும்போது விசிலையும் புளிய விளாரையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒன்பதாவது படிக்கும்போது, சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவன் கால் மாற்றி மாற்றி வைத்தான். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கெண்டைக்காலில் விளாரால் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலை மட்டும் சரியாக மாற்றி வைத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இத்தனை வருடமாக என்னால் மறக்க முடியவில்லை. கோபத்தில் அடித்திருந்தால் மன்னித்திருக்கலாம். அவன் கால் மாறியதைப் பார்த்து, 'நமக்குக் கற்றுக்கொடுக்க வருகிறது' என்று அந்தக் கணத்தில் நினைத்தேன்.

பி.பி.எட். சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மொபைல் கடை வைத்திருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் சுற்றி வளைத்து அந்த அடியைப் பற்றிப் பேச்சை எடுத்தேன்.

"நீயா அடிச்ச? எனக்கு ஞாபகமே இல்லயேடா மாப்ள."

"நெசமாவே ஞாபகம் இல்லயா?"

"அடியெல்லாம் எல்லாரும் அடிச்சாங்க, அது எங்கிட்டு ஞாபகம் இருக்கும்? செருப்புக்குக் காவல் உக்காந்ததுதான் ஞாபகம் இருக்கு. யார் செருப்பு எதுன்னு இப்பக்கூடச் சொல்லுவேன். உன்னோடது நீல வாரு வச்ச ரப்பர் செருப்பு. ஒரு பக்கம் ஊக்கு குத்தியிருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். நான் சுமந்துகொண்டிருந்த குற்றம் அவனிடம் இல்லை. அவன் சுமந்துகொண்டிருந்தது எனக்குக் குற்றமாகவே தோன்றியதில்லை.

*

அடிப்பது தவறு என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் செருப்புக்குக் காவல் வைப்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது? யாரும் அவனைத் திட்டவில்லை, தொடவில்லை. ஒரு பொறுப்பு கொடுத்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

கணக்கு வராத பையனிடம் கணக்கு வாத்தியார், "நீ போய் எல்லாருடைய நோட்டுக்கும் காவல் உட்காரு" என்று ஐந்து வருடம் சொல்லியிருந்தால் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பார்கள். மைதானத்தில் அதையே செய்தால் யாருக்கும் உறுத்துவதில்லை. கணக்கு கற்றுக்கொள்ள வேண்டியது, உடம்பு பிறவியிலேயே வாய்ப்பது என்று நம்புகிறோம். ஓட வராதவனுக்கு ஓட வராது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கணக்கில் செய்த தப்பு நோட்டுக்குள் இருக்கும், வாத்தியாருக்கும் பையனுக்கும் மட்டும் தெரியும். மைதானத்தில் செய்த தப்பை நாற்பது பேர் பார்ப்பார்கள். பந்தைத் தவறவிட்டவனுக்கு மறைந்துகொள்ள இடமே இல்லை. ஆக, உடற்கல்வி ஆசிரியர் கையாள்வது தசையையும் மூச்சையும் மட்டும் இல்லை, வெட்கத்தையும்தான். உடம்பைப் பற்றிய வெட்கம் ஒருமுறை உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வராது.

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு இளவட்டக்கல் கிடக்கிறது. தென்மாவட்டங்களில் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். உருண்டை வடிவம், பிடிக்கப் பிடி இருக்காது, வழுவழுவென்று இருக்கும். அந்தக் காலத்தில் அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று தாத்தா சொல்லுவார். எனக்கு அந்தக் கல்மேல் மரியாதை உண்டு. ஆனால் அது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. தூக்க முடிந்தவன் யார், முடியாதவன் யார் என்று சொன்னது, அவ்வளவுதான். கல்லின் வேலை அளப்பது.

எங்கள் பி.டி. பீரியடும் அப்படித்தான் இருந்தது. ஏற்கனவே ஆடத் தெரிந்த பன்னிரண்டு பேரை அது கண்டுபிடித்தது. தெரியாத முப்பத்தொரு பேருக்குத் 'தெரியாது' என்று சான்றிதழ் கொடுத்தது. அதற்கு ஒரு கல் போதும். ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு?

*

இந்தக் கேள்வியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் உடற்கல்வி வரலாறு என்கிற தாள் எனக்குச் சுவாரசியமாகத் தோன்ற ஆரம்பித்தது. மற்றவர்கள் அந்த வகுப்பில் தூங்குவார்கள், காலையில் ஓடிய களைப்பு.

ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்கிறார்கள். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் அவர்தான். அவருக்கு முன்னால் நம் பள்ளிகளில் இருந்ததன் பெயர் 'ட்ரில்'. பட்டாளத்திலிருந்து வந்த வார்த்தை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் பி.டி. சாரை 'ட்ரில் வாத்தியார்' என்றுதான் சொல்கிறார்கள். வரிசை, கட்டளை, ஒரே நேரத்தில் ஒரே அசைவு. பக் வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் என் கையில் ஒரு புளிய விளார் இருந்தது என்றால், அந்தப் பட்டாளம் எங்கள் பள்ளிக்கூடத்தைவிட்டு இன்னும் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

பக் பயிற்சி பெற்றது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். அதே இடத்தில் 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற இளம் ஆசிரியரிடம் அடங்காத ஒரு வகுப்பை ஒப்படைத்தார்கள். குளிர்காலம், வெளியே போக முடியாது. உள்ளே செய்யவைத்த உடற்பயிற்சிகள் மாணவர்களுக்குச் சலித்துப்போயிருந்தன. அவருக்கு முன்னால் முயன்ற ஆசிரியர்களால் சமாளிக்க முடியவில்லை. நெய்ஸ்மித் மாணவர்களைத் திருத்தப் பார்க்கவில்லை, ஆட்டத்தையே மாற்றினார். பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். இலக்கு தலைக்கு மேலே இருந்தால் பந்தை வேகமாக அடித்துப் பிரயோசனம் இல்லை, வளைத்துப் போட வேண்டும். முரட்டு பலத்தின் மதிப்பைக் குறைப்பதற்காக யோசித்துச் செய்த உயரம் அது. அப்படித்தான் பாஸ்கெட்பால் பிறந்தது.

நாலு வருடம் கழித்து, 1895இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் என்கிற இன்னொரு உடற்கல்வி ஆசிரியருக்கு வேறு பிரச்சினை. அவரிடம் வந்தவர்கள் நடுவயது வியாபாரிகள், தொப்பை போட்டவர்கள். பாஸ்கெட்பால் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. அவர்களுக்காக நடுவில் ஒரு வலையைக் கட்டினார். ஆள்மேல் ஆள் மோத வேண்டாம், ரொம்ப ஓட வேண்டாம், ஒரு பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று விதி வைத்தார். அதுதான் வாலிபால்.

வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்குக் கெண்டைக்காலில் சுரீரென்றது. வாலிபால், ஓட முடியாதவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆட்டம். மூச்சு வாங்குகிறவர்களுக்காக, குண்டாக இருப்பவர்களுக்காக. அவனுக்காக. அதை வைத்துத்தான் நாங்கள் அவனைச் செருப்புப் பக்கம் அனுப்பினோம்.

*

இதை இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை.

மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். ரேவதி வீரமணி அந்த ஊர்க்காரர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தங்கையோடு பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். பள்ளிப் போட்டியில் வெறுங்காலில் ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டியிடம் பேசி, சம்மதிக்கவைத்து, பயிற்சி கொடுத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஓடினார் ரேவதி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது.

கண்ணன் செய்தது என்ன? தேர்ந்தெடுத்தார். ஓடிய பலரில் ஒருவரைப் பார்த்தார். அந்தக் கண் இல்லாவிட்டால் ரேவதி இல்லை. எங்கள் பக்கத்தில் விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீடு, போலீஸ், ரயில்வே, பட்டாளம் என்று நிலமும் பணமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு ஏணி. ஒரே ஒரு பந்து இருக்கிற பள்ளியில், அந்த ஏணியில் ஏறக்கூடியவனிடமிருந்து பந்தை வாங்கி, ஏறவே போகாதவன் கையில் கொடுப்பது நியாயமா? நாற்பது நிமிடம், நாற்பத்து மூன்று பேர். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. ஒரு நிமிடத்தில் யாரும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

இதை ரொம்ப நாள் மனசுக்குள் போட்டு உருட்டினேன். ரேவதியின் கதையிலேயே ஒரு பதில் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. கண்ணன் அவரைப் பார்த்தது அவர் ஓடிக்கொண்டிருந்தபோது. காலில் ஷூ இல்லை, வீட்டில் வசதி இல்லை, இருந்தும் ஓட ஒரு கோடு இருந்தது. தேர்ந்தெடுக்கிறவர் வருவதற்கு முன்னால் எல்லாரையும் ஓடவிட்ட ஒரு மைதானம் இருந்தாக வேண்டும். ஏற்கனவே பன்னிரண்டு பேரைப் பொறுக்கிவிட்ட மைதானத்தில் எந்தக் கண்ணனுக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. பிள்ளைகளை ஓரமாக நிறுத்திய எங்கள் பள்ளியில் ஒரு ரேவதி இருந்திருந்தால், அவர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

ஆகவே பயிற்சியாளர் வேறு, ஆசிரியர் வேறு. காலை ஆறு மணியும் மாலை ஐந்து மணியும் பயிற்சியாளருடையவை. அங்கே பொறுக்கலாம், விரட்டலாம், வெல்லலாம். வகுப்பு நேரத்தில் வருகிற அந்த நாற்பது நிமிடம் ஆசிரியருடையது. அதில் பொறுக்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த நேரத்தில் எந்த ஆளாக இருக்கிறோம் என்றாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

இரண்டாம் வருடம் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பேர். முதல் நாளே என் கண் தன்னால் தேடியது, கிடைத்தான். ஒல்லியாக, சோடாபுட்டிக் கண்ணாடியோடு, பந்து வந்தால் முகத்தை மூடிக்கொள்கிற ஒரு பையன். இரண்டு வாரம் அவன் பின்னாலேயே அலைந்தேன். அவனுக்குத் தனியாகப் பந்தைப் போட்டேன், தட்டியதற்கெல்லாம் கைதட்டினேன். மூன்றாவது வாரம் அவன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "சார், என்னைய மட்டும் ஏன் சார் பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டான்.

பதில் சொல்ல முடியவில்லை. அவனை நான் பார்க்கவே இல்லை. மேலூரில் மொபைல் கடை வைத்திருக்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள இந்தப் பையனின் உடம்பை உபயோகித்தேன். ஒரு காலத்தில் ஒருவனை ஒதுக்கினேன், இப்போது இன்னொருவனை நடுவில் நிறுத்தினேன். இரண்டிலும் நாற்பது பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் நெய்ஸ்மித்தும் மார்கனும் செய்தது எனக்குப் புத்தியில் ஏறியது. அவர்கள் யாரையும் தனியாகக் கவனிக்கவில்லை. கூடையை உயர்த்தினார்கள், வலையைக் கட்டினார்கள். ஆளை மாற்றாமல் ஆட்டத்தை மாற்றினார்கள். நானும் கயிறு ஒன்றை நெஞ்சுயரத்தில் கட்டினேன். சுண்ணாம்புத் தூளால் மூன்று சின்னக் கட்டம் போட்டேன். பந்து ஒருமுறை தரையில் குதிக்கலாம், ஆனால் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுக்கக் கூடாது என்று விதி வைத்தேன். பந்து ஒன்றுதான் இருந்தது. இன்னும் இரண்டு பிளாஸ்டிக் பந்து வாங்கினேன்.

வகுப்பின் நல்ல ஆட்டக்காரன், நான் அந்த வயதில் எப்படி இருந்தேனோ அப்படியே இருப்பவன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். "சார், இது வாலிபாலே இல்ல சார்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. நெசமான நெட்டு, நெசமான பந்து. இப்ப இதுதான்."

அவனுக்குத் திருப்தி இல்லை. சாயங்காலம் வந்தான். ஆனால் பகலில் கடைசிவரை முறைத்துக்கொண்டேதான் ஆடினான். அவன் இழப்பு உண்மையானது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். கண்ணாடிப் பையன் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை, ஆகவும் மாட்டான். முகத்தை மூடிக்கொள்வதை மட்டும் பாதி நாள் மறந்துபோனான். கடைசி வாரத்தில் அவன் எந்தக் கட்டத்தில் ஆடுகிறான் என்று நான் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அது போதும்.

அந்த மேசைக்கு முன்னால் மறுபடி நிற்கவைத்து, எதற்காக உடற்கல்வி ஆசிரியர் ஆகணும் என்று கேட்டால், இப்போதும் பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியாது. படிப்பு முடியப்போகிறது. வேலை எப்போது வரும், என்ன சம்பளத்தில் வரும் என்று தெரியாது. வந்தாலும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கடன் கேட்பார், திருப்பித் தரமாட்டார்.

பயிற்சியின் கடைசி நாள் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். செருப்புகள் வேப்பமரத்தடியில் கிடந்தன. காவலுக்கு ஆள் இல்லை. பீரியட் முடிந்து பார்த்தால் ஒரு ஜோடி காணவில்லை. அந்தப் பிள்ளை அழுதாள். மறுநாள் நூற்றைம்பது ரூபாய்க்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மேலூர் நண்பனிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "என்ன கலர்டா அந்தச் செருப்பு?"